கழிவுத் துணியும் அதன் மறுவாழ்வும்

2004 ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26 ஆம் நாள் கடல் கரைகடந்து வந்ததை இந்நாட்டில் அறியாதார் இலர். அன்று தொடக்கம் சில வாரங்கள் திருகோணமலையின் பாடசாலைகள் பல, வீடிழந்தோரின் உறைவிடங்களாயின. அந்நாளில் ஆசிரியையாயிருந்த எனக்குக் கிடைத்த பணி, வந்து சேர்ந்த போர்வைகளைப் பங்கிட்டுக் கொடுப்பது. மாரிக்குளிர் எலும்பைத் தொடும் இரவுகள் அவை. போர்வையைக் கையில் வாங்கிய ஒரு மூதாட்டி, அதனைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, இது என்ன நிறம்?” என்று கேட்டார். யானும் உற்று நோக்கினேன். எட்ட நின்று பார்க்கச் சாம்பல் நிறம். கிட்டப் பார்த்தாலோ அதனுள்ளே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என எத்தனையோ நிறத்து இழைகள் பின்னிக் கிடந்தன. அம்மூதாட்டிக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை.

பல ஆண்டுகள் கழிந்த பின்னரே விடை கிடைத்தது. அத்தகைய போர்வை பழந்துணியிலிருந்து பிறப்பது. எவரோ உடுத்துக் கழித்த கம்பளிச் சட்டைகள் மீண்டும் நாராகி, நூலாகி, நெய்யப்பட்டு, பேரிடர் நிலங்களில் நடுங்குவோரைச் சென்றடைகின்றன. கழிவு என்று ஒருவர் எறிந்தது மற்றொருவர்க்கு உயிர்காக்கும் பொருளாகின்றது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது, அதனைச் செய்துவரும் நகரங்கள் எவை, அவற்றிடமிருந்து துறைமுகப் பட்டினமாகிய எம்மூர் கற்கத்தக்கது யாது என்பவற்றையே இன்று ஆராயப் புகுகின்றேன்.

துணிக் கழிவு இருவகைப்படும். உடுத்துப் பழசானபின் கழிப்பது ஒன்று. எவரும் உடுத்து முன்னரே தொழிற்சாலையிலும் தையற்கடையிலும் கழிவாய்ப் போவது மற்றொன்று. இரண்டாவது வகையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. துணியோ நீள் சதுரம். மனித உடலோ வளைவும் நெளிவும் உடையது. கழுத்துக்கும் கைக்குழிக்கும் வளைத்து வெட்டும்போது, இடையிடையே துண்டுகள் எஞ்சுதல் தவிர்க்கவொண்ணாதது. ஆடைத் தொழிற்சாலைகளில் வெட்டுமேசைக்கு வரும் துணியில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு இவ்வாறு எஞ்சுவதாகக் கணக்கிடுவர். ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பருத்தியை விளைவிப்பதற்கே சுமார் 2,700 லீற்றர் நீர் செலவாகுமென மதிப்பிடப்படுகின்றது. அப்படியாயின், மேசையடியில் விழும் துண்டு ஒவ்வொன்றோடும் எங்கோ ஒரு வயலின் நீரும் உழவனின் உழைப்பும் சேர்ந்தே விழுகின்றன.

இத்துண்டுகளை மீட்கும் கலை புதியதன்று. எம் முன்னோர் இல்லங்களில் துணி ஒருபோதும் ஒரே பிறவியோடு முடிந்ததில்லை. புடைவை நைந்தால் குழந்தைக்கு ஏணையாயிற்று. ஏணை நைந்தால் அடுப்படியில் சட்டி பிடிக்கும் துணியாயிற்று. அதுவும் நைந்தால் விளக்குத் திரியாயிற்று. வீட்டிலே பெண்கள் செய்த இச்சிக்கனத்தைத் தொழிலாக்கியது இங்கிலாந்து. யோர்க்ஷயர் மாநிலத்தின் பாட்லி என்னும் ஊரில் பெஞ்சமின் லோ என்பவர், 1813 ஆம் ஆண்டில், கம்பளிக் கந்தல்களைப் பற்கள் பொருந்திய உருளைகளால் பிய்த்து நாராக்கி, புதுக் கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கண்டார். அம்முறையால் பாட்லியும் அயலூரான டியூஸ்பரியும் கந்தலால் வாழும் நகரங்களாயின.

இத்தாலி நாட்டின் பிராட்டோ நகரம் இக்கலையை மேலும் ஒரு படி உயர்த்தியது. அந்நகரத்தார் கண்ட நுட்பம் யாதெனில், கந்தல்களை முதலிலேயே நிறம் நிறமாகப் பிரித்துவிட்டால், பின்னர்ச் சாயம் தோய்க்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை என்பது. சிவப்புக் கந்தல்களிலிருந்து சிவப்பு நூல்; நீலத்திலிருந்து நீலம். சாயத்தின் செலவும், சாயக்கழிவு நீரும் ஒருங்கே குறைகின்றன. ஒரு கந்தலைத் தொட்ட மாத்திரத்தில் அது எவ்வகைக் கம்பளி என்று சொல்லவல்ல பிரிப்பாளர்கள் அந்நகரில் மதிப்போடு வாழ்ந்தனர்.

இந்தியாவிலே டில்லிக்கு வடக்கேயுள்ள பானிப்பட்டு, இத்தொழிலில் உலகப் புகழ் பெற்றது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்த நெசவாளர் பலர் அந்நகரில் குடியேறினர். குளிர்நாடுகளில் கழிக்கப்பட்ட கம்பளி ஆடைகள், மீண்டும் உடுக்க இயலாதவாறு வெட்டப்பட்டு, கண்ட்லா முதலிய துறைமுகங்களில் இறங்கிப் பானிப்பட்டை அடைகின்றன. அங்கே பெண்கள் அரிவாள்மணை போன்ற கத்திகளின் முன் அமர்ந்து, பொத்தான்களையும் பற்பிணைகளையும் அறுத்தெடுத்து, நிறவாரியாகக் குவிக்கின்றனர். எந்த நிறக் குவியலிலும் சேராதவை ஒன்றாய்க் கலந்து, சாம்பல் நிறப் போர்வைகளாகின்றன. விலை குறைந்த அப்போர்வைகளையே உலகின் நிவாரண நிறுவனங்கள் நெடுங்காலம் பெருமளவில் வாங்கி வந்தன. அன்று அம்மூதாட்டி கேட்ட நிறத்தின் வரலாறு இதுவே.

இனி, எமக்கு மொழியாலும் அண்மையாலும் உறவுடைய திருப்பூருக்குச் செல்வோம். தமிழ்நாட்டின் மேற்கே, நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரம், பின்னலாடைக்குப் பேர்போனது. பனியன் தொழில் பெருகப் பெருக, வெட்டுத்துணியும் மலைபோற் பெருகிற்று. அந்நகரத்தார் அதனைப் ‘பனியன் வேஸ்ட்’ என்பர். பெயர் கழிவென்றாலும் அதற்குச் சந்தை உண்டு, நாள்விலை உண்டு, தரம் உண்டு. சாயமிடாத வெள்ளைப் பருத்தித் துண்டுக்கு விலை அதிகம். ஏனெனில் அதனை எந்த நிறத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரே நிறத்துத் துண்டுகளுக்கு அடுத்த இடம். பல நிறமும் பல நாரும் கலந்த மூட்டைக்குக் கடைசி இடம். ஒரே தொழிற்சாலையின் ஒரே நாட் கழிவு, பிரித்தால் ஒரு விலை, கலந்தால் வேறொரு விலை பெறுவதை அங்கே கண்கூடாகக் காணலாம்.

அத்துண்டுகள் நூலாகும் விதத்தையும் சுருக்கமாகக் கூறுவேன். கிடங்குகளில் தரையில் அமர்ந்திருக்கும் பெண்கள், துண்டுகளை நிறமும் நாரும் நோக்கிப் பிரிப்பர். இலாஸ்டிக் பட்டி, பெயர்த்துண்டு, தையல் விளிம்பு ஆகியவற்றை நீக்குவர். பின்னர்ப் பற்களுடைய உருளைகள் துண்டுகளைப் பிய்த்து மீண்டும் பஞ்சாக்கும். ஆனால் அப்பஞ்சுக்கு ஒரு குறை உண்டு. பிய்க்கும்போது நார் அறுந்து குறுகிவிடுகின்றது. வழமையான நூற்பு இயந்திரத்தில், நார்கள் இழுபட்டு மெலிந்து, சுழலும் கதிரால் முறுக்கேறி நூலாகின்றன. அதற்கு நீண்ட நார் வேண்டும். குறுநாரை நூற்பதற்குத் துணை நின்றது, 1967 ஆம் ஆண்டில் செக்கோசுலோவாக்கியாவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த சுழற்கிண்ண நூற்பு முறை. இம்முறையில், தனித்தனி நார்கள் காற்றினால் ஒரு சிறு கிண்ணத்துள் செலுத்தப்படுகின்றன. கிண்ணம் பெருவேகத்திற் சுழல, நார்கள் அதன் உட்சுவரிலுள்ள பள்ளத்தில் ஒதுங்கி, ஒன்றோடொன்று முறுக்குண்டு நூலாய் வெளிவருகின்றன. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்டங்களில் ‘ஓ.இ. மில்’ என வழங்குவன இவ்வகை ஆலைகளே. வலுவுக்காகச் சிறிது புதுப்பஞ்சோ பொலியெஸ்டர் நாரோ சேர்க்கப்படுவதும் உண்டு. அந்நூல் கரூர், ஈரோடு, சென்னிமலை முதலிய ஊர்களின் தறிகளை அடைந்து, போர்வையாகவும் படுக்கை விரிப்பாகவும் சமையலறைத் துண்டாகவும் கால்மிதியாகவும் உருவெடுக்கின்றது. அந்த நூல் தடித்த நூலே. அதில் மெல்லிய வேட்டி நெய்ய இயலாது. எனினும் மெல்லிய வேட்டியைப் போர்த்துக்கொண்டு குளிரைத் தாங்கவும் இயலாதன்றோ!

திருப்பூர் இப்பாதையில் நிலைத்து நிற்பதற்குப் பொருளாதாரத்தோடு மற்றொரு காரணமும் உண்டு. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. 1992 இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாத சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்நிலத்து உழவர் வழக்காடினர். 2011 ஆம் ஆண்டு தைத் திங்களில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை வெளியேற்றும் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. அதன்பின், சாய ஆலைகள் தம் நீரைச் சுத்திகரித்து மீண்டும் தாமே பயன்படுத்த வேண்டுமென்பது உறுதியாயிற்று. நிறவாரியாகப் பிரித்த வெட்டுத்துணியில் நூற்ற நூலுக்கு மீண்டும் சாயம் தோய்க்க வேண்டியதில்லை. ஆகவே, துண்டுகளைப் பிரிக்கும் அப்பெண்களின் விரல்கள், அறிந்தோ அறியாமலோ, ஓர் ஆற்றுக்கு ஏற்படும் தீங்கையும் குறைக்கின்றன.

இவ்வளவும் கேட்டபின், துணிக் கழிவுச் சிக்கல் தீர்ந்துவிட்டது போலும் என எவரும் எண்ணிவிடலாகாது. உலகில் ஆடைக்கெனப் பயன்படும் பொருளில், மீண்டும் ஆடையாகவே திரும்புவது 1 விழுக்காட்டுக்கும் குறைவென 2017 இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. காரணங்கள் பல. முதலாவது, கலப்பு நார். பருத்தியும் பொலியெஸ்டரும் ஒரே இழையில் கலந்துவிட்டால், அவற்றை இயந்திரத்தாற் பிரிக்க முடியாது. உடலோடு ஒட்டி நீளும் ஆடைகளிலுள்ள ஸ்பான்டெக்ஸ் இழை, பிய்க்கும் உருளைகளில் ரப்பர் போல் இழுபட்டுச் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது, தொழிலாளர் நலம். பஞ்சுத் தூசியை நெடுங்காலம் சுவாசிப்போர்க்கு நெஞ்சடைப்பும் நுரையீரல் நோயும் வருவதுண்டு. முகக்கவசமும் காற்றோட்டமும் இல்லாத கிடங்கில் ஆற்றைக் காப்பாற்றி ஆளை இழப்போமாயின் அது நற்பணியாகாது. மூன்றாவது, சந்தையின் ஏற்றத் தாழ்வு. புதிய பொலியெஸ்டர்ப் போர்வை மலிவாய்க் கிடைக்கத் தொடங்கியபின், பானிப்பட்டின் பழங்கம்பளிப் போர்வைக்குத் தேவை சுருங்கிற்று. கழிவுப் பஞ்சின் விலை ஏறும்போது சிற்றாலைகள் தடுமாறுகின்றன.

நம் நாட்டின் நிலை யாது? 1978 இல் கட்டுநாயக்கா ஏற்றுமதி வலயம் தொடங்கிற்று. 1992 இல் கிராமங்களிலும் 200 ஆடைத் தொழிற்சாலைகளை நிறுவும் திட்டம் வந்தது. இன்று நாட்டின் பண்ட ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு ஆடையிலிருந்தே கிடைக்கின்றது. ஆயினும் நாம் பருத்தியைப் பேரளவில் விளைவிப்பதில்லை. துணியிற் பெரும்பகுதி கப்பலேறி வருவது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், டொலர் இல்லாது எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். வெட்டுமேசையடியில் விழும் ஒவ்வொரு துண்டும் அந்த டொலரைக் கொடுத்து வாங்கியதே என்பதை அவ்வரிசை நமக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

பெருந் தொழிற்சாலைகளின் கழிவில் ஒரு பகுதி, புத்தளம் சீமெந்து ஆலையின் உலையில் நிலக்கரிக்குத் துணையாக எரிக்கப்படுகின்றது. குப்பைமேட்டில் குவிவதினும் இது மேலானதே. 2017 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. எனினும், எரிந்த துணி ஒருமுறை வெப்பந் தந்து முடிந்துவிடும். நூலான துணியோ இன்னும் பல்லாண்டு உழைக்கும். ஆதலின், முதலில் கழிவைக் குறைத்தல், அடுத்து அப்படியே பயன்படுத்தல், அதன்பின் நாராக்கி நூற்றல், வேறு வழியே இல்லாதபோது எரித்தல் என்னும் வரிசையே அறிவுடைமை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், துணிக் கழிவைத் தனியே சேகரிக்க வேண்டுமென்னும் விதி 2025 ஆம் ஆண்டு தை முதலாம் நாள் தொடக்கம் நடைமுறைக்கு வந்துள்ளது. நம் ஆடைகளை வாங்கும் நாடுகளிற் பல அவை. அங்கே மாறும் வழக்கம் நாளை நம் தொழிற்சாலை வாயிலையும் வந்து தட்டும்.

இனி எம்மூருக்குத் திரும்புவோம். திருகோணமலையில் ஓ.இ. ஆலை இல்லை, தையற்கடைகள் உண்டு. ஆண்டுதோறும் அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் காலத்தில், அக்கடைகளின் தரையெல்லாம் வெண்துண்டுகள் கொட்டிக் கிடக்கும். அவை மீன் கழிவோடும் தேங்காய் மட்டையோடும் ஒரே பையில் சேர்ந்து குப்பைக்குப் போவதைப் பலநாள் கண்டு வருந்திய யான், எம் மாணவரைக் கொண்டு ஒரு சிறு முயற்சி செய்தேன். அயலிலுள்ள தையற்காரரின் இசைவோடு ஒரு வாரத் துண்டுகளைச் சேர்த்து, பாடசாலை ஆய்வுகூடத்தில் இழை இழையாகச் சோதித்தோம். இடுக்கியாற் பிடித்த ஓர் இழையை மணற்றட்டின் மேல் சுடரிற் காட்டினாற் போதும். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து, மென்சாம்பலாய் உதிரும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் நாற்றம் வீசும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கடினமான கருமணியாய் நிற்கும். ஆசிரியர் அருகிருந்து செய்யத்தக்க எளிய சோதனை இது. பருத்தியென்று நாங்கள் நம்பிய வெண்துண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை கருமணியாகவே முடிந்தன. தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றிருந்த எனக்கும் அன்று ஒரு பாடமாயிற்று.

பிரித்த துண்டுகளைத் துறைமுகப் பக்கத்தில் படகு இயந்திரம் திருத்தும் ஒருவரிடம் மாணவர் கொண்டு சென்றனர். அவர் இரு பொதிகளையும் தடவிப் பார்த்தார். “பருத்தியை மட்டும் தனியாகத் தந்தால் காசு தந்து வாங்குவேன், கலந்த மூட்டையை இனாமாகத் தந்தாலும் எனக்கு வேண்டாம்” என்றார். காரணம் எளிது. பருத்தி எண்ணெயையும் நீரையும் உறிஞ்சும். பொலியெஸ்டர் அவ்வாறு நன்கு உறிஞ்சாது. சூடான இயந்திரத்திற் பட்டால் உருகவும் கூடும். திருப்பூர்ச் சந்தை கூறும் அதே நீதியை, கொட்பே மீன்பிடித் துறையும் உட்துறைமுகமும் உள்ள எம்மூரில் ஒரு திருத்துநர் ஒரே வாக்கியத்தில் கூறிவிட்டார்.

இதில் எமக்கு ஒரு பழைய உறவும் உண்டு. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளிக்கு முன்னர், என் பாட்டனார் அங்கே தொழிற்கூடத்தில் வேலை செய்தவர். மேலாளர் ஒருவர் ‘கொட்டன் வேஸ்ட்’டை அளந்தே கொடுப்பாரென்றும், எண்ணெய் துடைத்த பஞ்சை மூடியுள்ள தகரப்பெட்டியில் இடாதவனைக் கடிந்துகொள்வாரென்றும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவ்விதி இன்றும் பொருந்தும். வர்ணம் பூசும் ஆளி எண்ணெய் போன்றவை தோய்ந்த துணியைக் குவித்து வைத்தால், அது தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். துடைதுணி விற்க எண்ணுவோரும் வாங்குவோரும் இதனை மனத்திற் கொள்க.

ஆகவே எம்மூர் செய்யத்தக்கது பெரிய ஆலையன்று. தையற்கடைதோறும் மூன்று பைகள்: பருத்திக்கு ஒன்று, பருத்தியல்லாதவற்றுக்கும் கலப்புத் துணிக்கும் ஒன்று, தைப்பதற்கு உதவும் பெருந்துண்டுகளுக்கு ஒன்று. பருத்தி, துறைமுகத்துக்கும் திருத்தகங்களுக்கும் துடைதுணியாகலாம். கலப்புத் துண்டுகள் கால்மிதியாகவும் இருக்கைத் திணிப்பாகவும் ஆகலாம். பெருந்துண்டுகள் பைகளாகலாம். போரினாலும் கடலினாலும் குடும்பத்தலைவரை இழந்து, தையல் இயந்திரம் ஒன்றையே நம்பி வாழும் பெண்கள் இம்மாவட்டத்திற் பலர். அவர்களுக்கு இது வருவாயாக வேண்டுமாயின், பிரிக்கும் வேலைக்கும் கூலி உண்டென்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரித்தலே இத்தொழிலின் உயிர்நிலை. அதனை இலவசப் பணியாக எண்ணும் நகரில் எந்தத் திட்டமும் நிலைக்காது.

துணி கழிவாவது குப்பைமேட்டிலன்று. வேறொன்றோடு கலக்கும் அக்கணத்திலேயே அது கழிவாகின்றது. கலவாது நின்றால் அது இன்னும் செல்வமே. பாட்லியும் பிராட்டோவும் பானிப்பட்டும் திருப்பூரும் இரு நூற்றாண்டுகளாகக் கற்ற பாடம் இதுவே.

என் கையிலிருந்து போர்வை வாங்கிய அம்மூதாட்டி இன்று இல்லை. இருந்திருப்பாரேல், அது எந்த ஒரு நிறமுமன்று, எத்தனையோ பேர் உடுத்த நிறங்களெல்லாம் கூடிய நிறமென்று கூறியிருப்பேன். அப்போர்வைக்குள்ளே முகமறியாத பெண்கள் சிலர் பிரித்தெடுத்த இழைகளும் இருந்தன. அவ்விழைகளே அன்றிரவு அவரைக் காத்தன.